நண்பர்களுடன் குடிலில் ஒரு நாள் பலகை விளையாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரை விட்டு விலகிய ஒரு குடிலில் நான்கைந்து நண்பர்கள் கூடி, காலையிலிருந்து இரவு வரை பலகை விளையாட்டுகள் ஆடுவது எங்கள் குழுவின் பல ஆண்டுப் பழக்கம். அப்படி ஒரு நாளைத் தாங்களும் ஏற்பாடு செய்ய விரும்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் விருப்பு வெறுப்பு கலந்திருக்கும். உங்கள் குழுவுக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் போனால் நன்றாக இருக்கும்?

நான்கு பேர் என்றால் யோசிக்காமல் கிளம்பலாம். இன்று கிடைக்கும் பலகை விளையாட்டுகளில் பெரும் பகுதி நான்கு பேருக்குள் அடங்கிவிடும். கட்டான் அடிப்படைப் பெட்டியில் 3 அல்லது 4 பேர் ஆடலாம். அசுல், பேண்டமிக் இரண்டும் 4 பேருடன் நின்றுவிடும். ஐந்தாவது ஆள் வந்தால் கார்கசோன், டிக்கெட் டு ரைடு, ஹனாபி, தி க்ரூ ஆகியவை கைகொடுக்கும்.

ஆறு பேர் என்பதுதான் இக்கட்டான எண்ணிக்கை. ஆறு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒவ்வொருவரும் தன் முறைக்கு ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டால், உங்கள் முறை மறுபடி வர ஏழரை நிமிடம் ஆகும். அந்த ஏழரை நிமிடத்தில் மனம் ஆட்டத்தை விட்டு நழுவிவிடும். ஆகவே பகலில் மூன்று பேராக இரண்டு மேசைகளில் பிரிந்து ஆடுங்கள். மாலையில் எல்லோரும் ஒன்று சேருங்கள். பிரியவே மனமில்லை என்றால் செவன் வொண்டர்ஸ் இருக்கிறது. அதில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டைத் தேர்ந்தெடுத்து, மீதியைப் பக்கத்து ஆளிடம் தள்ளுவார்கள். மூன்று காலகட்டங்கள், காலகட்டத்துக்கு ஆறு தேர்வுகள், மொத்தம் 18. ஏழு பேர் ஆடினாலும் நான்கு பேர் ஆடும் அதே நேரம்தான் பிடிக்கும்.

எட்டுப் பேருக்கு மேல் போனால் அது வேறு வகையான கூட்டம். பேச்சும் நடையும்தான் அங்கே முதன்மையாக இருக்கும், ஆட்டம் ஓரமாக நடக்கும். அதிலும் தவறில்லை. ஆனால் நான் இங்கே எழுதுவது ஆட்டத்துக்காகவே போகும் நாளைப் பற்றி.

எத்தனை பெட்டிகளை எடுத்துச் செல்ல வேண்டும்?

நான்கு. முதல் முறை நாங்கள் பதினொரு பெட்டிகளைக் காரில் அடுக்கிக்கொண்டு போனோம். திறந்தவை மூன்று. மற்ற எட்டும் சுவரோரம் அடுக்கியபடியே இருந்தன. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் "அடுத்து எதை எடுப்பது?" என்று அந்த அடுக்கின் முன் நின்று பேசியதில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். பெட்டி கூடக் கூடத் தேர்வும் கடினமாகிறது, விதி தெரிந்தவர் இல்லாத பெட்டிகளும் கூடுகின்றன.

ஒரு நீண்ட ஆட்டம், நடுத்தர நீளத்தில் இரண்டு, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்திலும் ஆடக்கூடிய எளிய ஒன்று. இவற்றோடு ஒரு சாதாரணச் சீட்டுக்கட்டு. அது இடத்தை அடைக்காது, மற்ற எல்லாம் சலித்த பிறகு யாராவது ஒருவர் அதைத் தேடுவார்.

எந்த ஆட்டங்களைத் தேர்ந்தெடுப்பது?

யாருமே இதற்கு முன் நவீனப் பலகை விளையாட்டு ஆடியதில்லை என்றால், ஜெர்மனியில் 1979 முதல் ஆண்டுதோறும் வழங்கப்படும் ஷ்பீல் டெஸ் யாரஸ் விருதைப் பெற்றவற்றிலிருந்து தொடங்குங்கள். 'ஆண்டின் விளையாட்டு' என்பது அதன் பொருள். எளிதாகக் கற்கக்கூடிய, குடும்பமாக ஆடக்கூடிய விளையாட்டுகளுக்கே அந்த நடுவர் குழு விருது தருகிறது. கட்டான் 1995இலும், கார்கசோன் 2001இலும், டிக்கெட் டு ரைடு 2004இலும், அசுல் 2018இலும் இந்த விருதைப் பெற்றன. சற்றுப் பழகியவர்களுக்கான ஆட்டங்களுக்கென்று 2011 முதல் கென்னர்ஷ்பீல் என்ற தனி விருதும் உண்டு; அதை முதலில் பெற்றது செவன் வொண்டர்ஸ்.

என் கையில் விட்டால் முதல் ஆட்டமாகக் கார்கசோனைத்தான் மேசையில் வைப்பேன். 72 சதுர அட்டைகள். உங்கள் முறை வரும்போது ஒன்றை எடுக்கிறீர்கள். அதில் சாலை, கோட்டை மதில், வயல், மடாலயம் என்று ஏதோ ஒன்று இருக்கும். ஏற்கெனவே மேசையில் கிடக்கும் படத்தோடு அது விளிம்புக்கு விளிம்பு பொருந்த வேண்டும். அட்டையைக் கையில் வைத்து நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்க்கும் அந்தச் சில வினாடிகளில், புதிதாக வந்தவரும் ஆட்டத்துக்குள் வந்துவிடுவார். வெறும் மேசையாக இருந்த இடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் சாலைகளும் கோட்டைகளும் கொண்ட ஒரு நிலப்பரப்பு விரிந்து கிடக்கும். தோற்றவர்கூட எழுந்து நின்று அதை ஒரு தடவை பார்ப்பார்.

கட்டானின் சிறப்பு பேச்சு. அதை உருவாக்கிய கிளாவுஸ் டாய்பர் பல் தொழில்நுட்பராக வேலை பார்த்தவர். "எனக்குச் செங்கல் வேண்டும், ஆடு தருகிறேன், யாருக்கு வேண்டும்?" என்ற பேரம் நடந்துகொண்டே இருப்பதால், அடுத்தவர் முறையிலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. பலகையில் உள்ள நிலங்களின் மேல் எண் வில்லைகள் இருக்கும்; பகடையில் அந்த எண் விழுந்தால்தான் அதன் பக்கத்தில் வீடு கட்டியவருக்குச் செங்கல், ஆடு போன்ற சரக்கு கிடைக்கும். ஆகவே புதியவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். இரண்டு பகடைகளை உருட்டினால் விழக்கூடிய 36 வகைகளில் 7 ஆறு வகையிலும், 6உம் 8உம் தலா ஐந்து வகையிலும், 2உம் 12உம் ஒரே ஒரு வகையிலும் வரும். எண் வில்லைகளின் கீழே உள்ள புள்ளிகள் இதைத்தான் காட்டுகின்றன. இது தெரியாமல் 12க்கும் 2க்கும் பக்கத்தில் வீடு கட்டியவர் இரண்டு மணி நேரம் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். அந்த வருத்தத்தை ஒரே வாக்கியத்தில் தவிர்த்துவிடலாம்.

இரவுக்கு கோட்நேம்ஸ். 25 சொற்கள் ஐந்துக்கு ஐந்தாகக் கிடக்கும். ஓர் அணிக்கு 9, மற்றதற்கு 8, யாருக்கும் சேராதவை 7, தொட்டால் ஆட்டமே முடிந்துவிடும் கொலைச்சொல் ஒன்று. எது யாருடைய சொல் என்று அணிக்கு ஒருவரான குறிப்பாளருக்கு மட்டும் தெரியும். தன் அணி தன் சொற்களைக் கண்டுபிடிக்க, அவர் துப்பாக ஒரு சொல்லையும், அது எத்தனை சொற்களுக்குப் பொருந்தும் என்ற எண்ணையும் மட்டும் சொல்லலாம். பெட்டியில் வரும் ஆங்கிலச் சொற்களை ஒதுக்கிவிட்டு, நாங்கள் தமிழிலேயே சீட்டெழுதி ஆடுகிறோம். இரு பொருள் தரும் சொற்கள் நம் மொழியில் குவிந்து கிடப்பதால் ஆட்டம் அலாதியாக இருக்கிறது: மாலை, படி, ஆறு, திங்கள், அணை, கலை. ஒரு முறை நான் "தண்ணீர், இரண்டு" என்றேன். ஆறும் அணையும் என் மனதில் இருந்தன. நண்பர் ஆற்றை உடனே தொட்டுவிட்டார். அணை என்பதைத் தழுவுதல் என்றே எண்ணியிருந்தவர், நெடுநேரம் யோசித்துப் பக்கத்திலிருந்த 'கரை'யின் மேல் விரலை வைத்தார். அது எதிரணியின் சொல். குறிப்பாளர் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்ற விதி எவ்வளவு கடினமானது என்று அன்றுதான் தெரிந்தது.

மோனோபோலி எடுத்துச் செல்லலாமா?

நான் எடுத்துச் செல்வதில்லை. தோற்றவர் வெளியேறிவிடும் ஆட்டம் அது. குடிலில் ஒருவர் முதல் மணி நேரத்திலேயே வெளியேறிவிட்டால் மீதி நேரம் என்ன செய்வார்? எடுத்தே ஆக வேண்டும் என்றால் அச்சிட்ட விதிகளின்படி ஆடுங்கள். ஒருவர் தான் நிற்கும் இடத்தை வாங்க மறுத்தால் அது உடனே ஏலத்துக்கு வர வேண்டும். அபராதப் பணத்தைப் பலகையின் நடுவில் குவித்து, இலவச நிறுத்தத்தில் வந்து நிற்பவருக்குக் கொடுப்பது விதியில் இல்லாதது. இந்த இரண்டையும் சரிசெய்தாலே ஆட்டம் கணிசமாகச் சுருங்கும்.

விதிகளை யார், எப்படி விளக்குவது?

இந்தக் கேள்விக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக இடம் ஒதுக்க விரும்புகிறேன். நாள் இனிதாகப் போவதும் இழுபறியாகப் போவதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

எங்கள் முதல் பயணத்தில், மேசையைச் சுற்றி எல்லோரும் ஆவலோடு உட்கார்ந்திருக்க, நான் பெட்டியின் உறையைப் பிரித்து, விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படித்தேன். எட்டாம் பக்கம் வரும்போது ஒருவர் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கியிருந்தார். இன்னொருவர் மரக்காய்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் கழித்து ஆட்டம் தொடங்கியபோது யாருக்கும் எதுவும் நினைவில் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட ஒரே உறுதியான ஏற்பாடு இதுதான்: ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பொறுப்பாளர். அவர் ஒரு வாரம் முன்பே பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். விதிகளைப் படிப்பதோடு நில்லாமல், பலகையை விரித்து, வலது கை ஓர் ஆட்டக்காரர், இடது கை இன்னோர் ஆட்டக்காரர் என்று வைத்துக்கொண்டு மூன்று சுற்றாவது ஆடிப் பார்க்க வேண்டும். படிக்கும்போது புரிந்ததுபோல் தோன்றிய இடங்கள் எவை என்று அப்போதுதான் வெளிப்படும்.

விளக்கும்போது நுனியிலிருந்து தொடங்காமல் வேரிலிருந்து தொடங்குங்கள். நாம் யார், எப்படி வெல்வது, ஆட்டம் எப்போது முடியும், என் முறையில் நான் என்ன செய்யலாம். இந்த வரிசை எல்லா ஆட்டத்துக்கும் பொருந்தும். டிக்கெட் டு ரைடை நான் விளக்குவது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"நாம் எல்லோரும் ரயில் பாதை போடுகிறவர்கள். அதிகப் புள்ளி எடுத்தவருக்கு வெற்றி. ஆளுக்கு 45 ரயில் பெட்டிகள் இருக்கின்றன. யாராவது ஒருவரிடம் இரண்டோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சினால், எல்லோருக்கும் இன்னும் ஒரே ஒரு முறை, அதோடு ஆட்டம் முடிந்தது. உங்கள் முறையில் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: வண்ணச் சீட்டு எடுக்கலாம், அல்லது ஒரே வண்ணச் சீட்டுகளைக் கொடுத்துப் பாதை போடலாம், அல்லது புதிய பயணச் சீட்டு எடுக்கலாம். கையில் உள்ள பயணச் சீட்டில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை இணைத்தால் அதில் போட்ட புள்ளி கூடும், இணைக்காவிட்டால் அதே புள்ளி கழியும். தொடங்கலாமா?"

இரண்டு நிமிடம் போதும். ஒரு பெட்டிப் பாதைக்கு 1 புள்ளி, ஆறு பெட்டிப் பாதைக்கு 15 புள்ளி என்ற கணக்கெல்லாம் பலகையின் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கிறது. முதல் பாதை போடும்போது காட்டினால் போதும். விதிவிலக்குகள் வரும்போது வரட்டும்.

ஆனால் பின்னால் ஒருவரைக் காயப்படுத்தக்கூடிய விதியை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கட்டானில் 7 விழுந்தால், கையில் ஏழு சீட்டுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதை 7 விழுந்த பிறகு சொன்னால், பத்துச் சீட்டு சேர்த்து வைத்திருந்தவருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வுதான் மிஞ்சும். கார்கசோனில் வயலில் படுக்கவைக்கும் மரமனிதக் காய்களான விவசாயிகள் ஆட்டத்தின் முடிவில்தான் புள்ளி தருவார்கள். புதியவர்களோடு ஆடும்போது முதல் ஆட்டத்தில் விவசாயிகளை முழுவதுமாக விட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று. விளக்கியவர் அந்த முதல் ஆட்டத்தில் வெல்வதற்காக ஆடக் கூடாது என்பது என் கட்சி. அடுத்தவர் தவறான இடத்தில் காயை வைக்கப் போகிறார் என்று தெரிந்தால் "இங்கே வைத்தால் இப்படி ஆகும், பரவாயில்லையா?" என்று கேட்பது அவர் கடமை.

நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது?

கனமான ஆட்டத்தைக் காலையில் வையுங்கள். வந்து சேர்ந்ததும் கார்கசோன் போன்ற ஒன்றை ஆடிக் கையும் மனமும் சூடானதும், அந்த நாளின் நீண்ட ஆட்டத்தைத் தொடங்கிவிடுங்கள். உணவுக்குப் பின் மந்தமாக இருக்கும் நேரத்தில் புதிய விதி எதையும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஏற்கெனவே தெரிந்த ஒன்றை இரண்டாம் முறை ஆடுங்கள். இரண்டாம் முறைதான் ஓர் ஆட்டம் உண்மையில் திறக்கிறது. முதல் முறை விதியோடு மல்லுக்கட்டுகிறோம், இரண்டாம் முறை எதிரே இருப்பவரோடு ஆடுகிறோம்.

பிற்பகலில் ஒரு மணி நேரமாவது எல்லோரும் வெளியே நடக்க வேண்டும். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். குடிலுக்கு வந்துவிட்டு மரங்களையே பார்க்காமல் திரும்புவது ஒருபுறம் இருக்கட்டும். ஆறு மணி நேரம் குனிந்து உட்கார்ந்த முதுகும் கழுத்தும் இரவு ஆட்டத்தைக் கெடுத்துவிடும்.

ஒரே பெரிய ஆட்டத்தை நாள் முழுவதும் ஆடலாமா?

ஆடலாம், எல்லோரும் மனமார ஒத்துக்கொண்டால். ட்வைலைட் இம்பீரியம் என்ற விண்வெளிப் பேரரசு ஆட்டத்தின் பெட்டியிலேயே 4 முதல் 8 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. விதி தெரியாதவர்கள் இருந்தால் எட்டையும் தாண்டும். ஒருவர் அரைமனதாகத் தலையாட்டினாலும் வேண்டாம். மூன்றாம் மணி நேரத்தில் தோல்வி உறுதியாகிவிட்ட ஒருவர் இன்னும் ஐந்து மணி நேரம் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள்.

குடிலில் மேசை, விளக்கு வசதி எப்படி இருக்க வேண்டும்?

பதிவு செய்யும்போதே மேசையின் நீள அகலத்தைக் கேட்டு வாங்குங்கள், அல்லது படம் அனுப்பச் சொல்லுங்கள். 'உணவு மேசை உண்டு' என்ற பதிலை நம்பிப் போய், இரண்டு தட்டு மட்டுமே வைக்கக்கூடிய வட்ட மேசையைப் பார்த்து நின்றிருக்கிறோம். அன்று தரையில் போர்வை விரித்து ஆடினோம். முதல் மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது, அதன் பிறகு முழங்கால்கள் கேட்கவில்லை. மேசை இருந்தாலும் ஒரு தடித்த துணியை விரித்துக்கொள்ளுங்கள். சீட்டை விரல் நுனியால் எளிதாக எடுக்கலாம், பகடை சத்தமில்லாமல் விழும், காய்கள் வழுக்காது.

விளக்கு இதைவிட முக்கியம். இதமான மஞ்சள் விளக்கில் அறை அழகாக இருக்கும், ஆனால் ஆரஞ்சும் சிவப்பும், வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுபோல் தெரியும். வெள்ளை ஒளி தரும் மேசை விளக்கு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வை பல ஆண்களுக்கு உண்டு, சிலர் அதை வெளியே சொல்வதும் இல்லை. டிக்கெட் டு ரைடின் சீட்டுகளில் வண்ணத்தோடு தனித்தனிக் குறிகளும் இருப்பதால் சிக்கல் இல்லை. மற்ற ஆட்டங்களுக்கு, காய் வண்ணத்தை அவரே முதலில் தேர்ந்தெடுக்கட்டும்.

காய் தொலைந்துவிட்டால்?

பதறாதீர்கள். மரத்தரைக் குடில்களில் பலகைகளுக்கு இடையே விரல் நுழையாத அளவு இடைவெளி இருக்கும். அங்கேதான் சிறிய காய்கள் போய்ச் சேரும். ஒரு காய்க்குப் பதில் பொத்தான், நாணயம், கூழாங்கல் எதுவும் ஆகும். ஒரு பகடை தொலைந்தால் மீதமுள்ளதை இரண்டு முறை உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டு பகடையும் இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதை அனுபவத்தில் கற்றோம். கட்டான் பெட்டியைத் திறந்தபோது பகடைகள் யாரோ ஒருவர் வீட்டு மேசையிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. ஒரு தாளை 36 துண்டுகளாகக் கிழித்தோம். 2 என்று ஒரு துண்டில், 3 என்று இரண்டில், 4 மூன்றில், 5 நான்கில், 6 ஐந்தில், 7 ஆறில் எழுதினோம். பிறகு அதே படியாக இறங்கி 8 ஐந்தில், 9 நான்கில், 10 மூன்றில், 11 இரண்டில், 12 ஒன்றில். எல்லாவற்றையும் மடித்து ஒரு தொப்பியில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொரு முறையும் ஒன்றை எடுத்துப் பார்த்து மறுபடி உள்ளே போட்டோம். எடுத்ததைத் திருப்பிப் போட்டால் உண்மையான பகடைக்கு நிகர். போடாமல் வெளியே வைத்தால் 36 முறையில் எல்லா எண்ணும் தத்தம் கணக்குப்படி வந்தே தீரும். பகடையின் ஓரவஞ்சனை பிடிக்காதவர்கள் இதை விரும்புவார்கள். எங்களுக்குத் தொப்பிக்குள் கைவிடும் அந்தக் கணம் மிகவும் பிடித்துப்போய், பகடை கையில் இருந்தும் இப்போது சில நேரம் தொப்பியைத்தான் எடுக்கிறோம்.

ஈரமான இடங்களில் சீட்டுகள் கெடாதா?

கெடும். மலையிலும் நீர்நிலை ஓரத்திலும் காற்றில் ஈரம் அதிகம். அட்டைச் சீட்டுகள் ஈரத்தை உறிஞ்சி வளையும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கலைக்கவே வராது. அடிக்கடி ஆடும் சீட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள். ஆடாத பெட்டிகளை மூடி இறுக்கி வையுங்கள்; உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டு போடுங்கள். வளைந்த சீட்டுகளை அடுப்புப் பக்கம் காட்டாதீர்கள். கனமான புத்தகத்தின் கீழ் ஓர் இரவு வைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

ஆடும்போது சாப்பிடலாமா?

வேறு மேசையில். எண்ணெய்ப் பிசுக்குள்ள எதுவும் சீட்டுகள் பக்கம் வரக் கூடாது. குவளைகளை உங்கள் நாற்காலியின் பக்கத்தில், பலகையைவிடத் தாழ்வான முக்காலியில் வையுங்கள். சாய்ந்தால் தரையோடு போகும்.

ஒருவர் தன் முறையில் யோசித்துக்கொண்டே இருக்கிறார். என்ன செய்வது?

அவர் ஆட்டத்தை மதிப்பதால்தான் யோசிக்கிறார் என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். மணல் கடிகாரத்தை அவர் முன் வைப்பது எனக்குப் பிடிக்காது. அது அவரைக் கூச வைக்கும். அவருக்கு முந்தைய இருக்கையில் உள்ளவர் வேகமாக ஆடுபவராக இருந்தால் அவருடைய யோசனை அறுபடும். ஆகவே நிதானமாக ஆடும் இன்னொருவரை அவருக்கு முன் உட்கார வையுங்கள். யோசிக்கும் நண்பர் தன் முறை வருவதற்குள் யோசித்து முடித்துவிடுவார். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடும் செவன் வொண்டர்ஸ் போன்றவையும் நல்ல மருந்து.

கூட்டாக ஆடும் விளையாட்டில் ஒருவரே எல்லோருக்கும் உத்தரவு போடுகிறாரே?

பேண்டமிக்கில் இது அடிக்கடி நடக்கும். எல்லோரும் ஒரே அணியாக நான்கு நோய்களை எதிர்த்து ஆடும் விளையாட்டு அது. எல்லாத் தகவலும் மேசை மேல் திறந்து கிடக்கும். அனுபவசாலி ஒருவர் "நீ இங்கே போ, நீ அந்தச் சீட்டைக் கொடு" என்று ஆரம்பித்தால் மற்ற மூவரும் அவருடைய கைகளாகிவிடுவார்கள். விதியாலேயே இந்தச் சிக்கலைத் தீர்த்த ஆட்டங்கள் இருக்கின்றன. ஹனாபியில் உங்கள் சீட்டுகளை மற்றவர்கள் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தி க்ரூவில் பேசவே மிகக் குறைந்த அனுமதிதான். பேண்டமிக்கே ஆடுவதென்றால், தன் முறைக்கு உரியவர் முதலில் தன் யோசனையைச் சொன்ன பிறகுதான் மற்றவர் வாய் திறக்கலாம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் அப்படி வழிநடத்தும் பழக்கம் உள்ள நண்பரிடம் ஒரு நாள் தனியாக இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அடுத்த ஆட்டத்தில் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தோற்றால் மனம் ஒடிந்துபோகும் நண்பர் இருக்கிறார். அழைக்கலாமா?

அழையுங்கள். ஒருவரை ஒருவர் நேரடியாகத் தாக்கும் ஆட்டங்களை மட்டும் அன்று தவிர்த்துவிடுங்கள். அசுல் போலத் தன் பலகையில் தானே ஒன்றை உருவாக்கும் ஆட்டத்தில், தோற்றாலும் தான் அடுக்கிய வண்ண வரிசை கண் முன் இருக்கும். இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் கூட்டாக ஆடும் ஒன்றைச் செருகுங்கள். வென்றவர் துள்ளிக் குதிப்பதைச் சற்று அடக்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஆட விருப்பமே இல்லாத ஒருவர் துணையாக வருகிறார். அவருக்கு என்ன?

வற்புறுத்தாதீர்கள். படிக்கவோ நடக்கவோ தூங்கவோ வந்திருக்கலாம். இரவில் ஜஸ்ட் ஒன் ஆடும்போது மட்டும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் கண்டுபிடிக்க வேண்டிய சொல்லுக்கு மற்றவர்கள் ஆளுக்கொரு துப்பு எழுதுவார்கள். இருவர் ஒரே துப்பை எழுதிவிட்டால் இரண்டும் அழிக்கப்படும். கற்றுக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது. எங்களோடு மூன்று ஆண்டுகள் புத்தகத்தோடு மூலையில் இருந்தவர், நான்காம் ஆண்டு இதில் ஒரு சுற்றுக்கு வந்து நள்ளிரவு வரை எழவில்லை. வராமல் இருந்திருந்தாலும் அவரை அடுத்த ஆண்டு அழைத்திருப்போம்.

இருவர் மட்டும் போனால்?

செவன் வொண்டர்ஸ் டூயல், பேட்ச்வொர்க் இரண்டும் இருவருக்கென்றே செய்தவை. கார்கசோனும் இருவர் ஆடும்போது கூர்மையாகிவிடும்.

கைபேசியை என்ன செய்வது?

குடிலில் சிக்னல் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். விதிப் புத்தகங்களின் மின்நகலை முதல் நாளே இறக்கி வையுங்கள். சந்தேகம் வந்தால் சொல்லைத் தட்டித் தேடலாம். விதியைப் பற்றிய வாக்குவாதம் இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால், பொறுப்பாளர் சொல்வதே அன்றைக்கு விதி. சரியான விடையை ஆட்டம் முடிந்த பிறகு தேடிக்கொள்ளலாம்.

இரவில் எப்போது நிறுத்துவது? மறுநாள் கிளம்பும்போது எதைக் கவனிப்பது?

"இன்னும் ஒரே ஓர் ஆட்டம்" என்று ஒருவர் சொல்லி, இன்னொருவர் பதில் சொல்ல ஒரு நொடி தயங்கினால் அதுதான் நேரம். பாதியில் நிற்கும் ஆட்டத்தைக் கலைக்காதீர்கள். மேலிருந்து ஒரு படம் எடுங்கள், ஒவ்வொருவர் கைச்சீட்டையும் தனித்தனி உறையில் போட்டுப் பெயர் எழுதுங்கள், அடுத்த முறை யாருடையது என்பதையும் குறித்து வையுங்கள். காலையில் தொடரலாம்.

பெட்டி கட்டும் வேலையை இரவில் செய்ய வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் ஒரு பெட்டியின் காய் இன்னொன்றுக்குள் போய்விடும். காலை வெளிச்சத்தில், ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் உள்ளடக்கப் பட்டியலை ஒட்டி வைத்துக்கொண்டு, இருவராக எண்ணி வையுங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் எண்ண. கார்கசோன் என்றால் 72 அட்டை, ஆளுக்கு 8 மரமனிதர். குறைந்தால் முதலில் மேசைத் துணியை உதறுங்கள், பிறகு நாற்காலி மெத்தைகளின் இடுக்கில் பாருங்கள். கடைசியாக டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து ஒளியைப் பாய்ச்சுங்கள். கீழே கிடக்கும் சின்னஞ்சிறு காய்க்கும் அப்போது ஒரு நீண்ட நிழல் விழும்.